அரசு எதற்கு, உரிமை யாருடையது? அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாக் என்றால் இயற்கை உரிமை, மாண்டெஸ்கியூ என்றால் அதிகாரப் பிரிவினை, ரூசோ என்றால் பொது விருப்பம் என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்துதான் நம்மில் பலர் தேர்வு எழுதியிருக்கிறோம். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. தங்கள் காலத்தில் நடந்த ஏதோ ஒரு கொடுமையையோ குழப்பத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் எழுதினார்கள். அது என்ன என்று தெரிந்தால் அவர்கள் சொன்னது பாதி புரிந்துவிடும். பதில்களை அந்த வழியிலேயே சொல்லிப் போகிறேன்.

அறிவொளிக் காலம் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள்?

தோராயமாக 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு முடியும் வரை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஹாலந்து, ஜெனீவா, மிலான் என்று ஐரோப்பாவின் பல இடங்களில் நடந்த ஒரு நீண்ட விவாதம் அது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் 1784-ல் ‘அறிவொளி என்றால் என்ன?’ என்ற கேள்விக்கே ஒரு கட்டுரையில் விடை எழுதினார். பிறர் கைபிடித்து நடத்தாமல் உன் சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிந்துகொள் என்பது அந்த விடையின் சாரம். ஹாப்ஸ் இந்தக் காலத்துக்குச் சற்று முந்தியவர். ஆனால் அவரை விட்டுவிட்டு ஆரம்பித்தால் மற்றவர்கள் யாரோடு வாதாடுகிறார்கள் என்றே பிடிபடாது.

அதற்கு முன்பு, மன்னனுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தார்கள்?

கடவுளிடமிருந்து. இங்கிலாந்தில் ராபர்ட் ஃபில்மர் என்பவர் இதை ஒரு முழு நூலாகவே எழுதி வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1680-ல் அது அச்சானது. கடவுள் ஆதாமுக்குத் தந்த தந்தை அதிகாரம்தான் வழிவழியாக மன்னர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, பிள்ளை தகப்பனைக் கேள்வி கேட்கக் கூடாததுபோலக் குடிகள் மன்னனைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர் வாதம். நமக்கு விநோதமாகத் தெரியலாம். ஆனால் வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட எவருக்கும் அந்த வாதத்தின் இழுப்பு புரியும்.

பிரான்சில் நிலைமை இன்னும் மோசம். மன்னரின் முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும். விசாரணை இல்லாமல் ஒருவரைப் பாஸ்டில் சிறைக்கு அனுப்பிவிடலாம். எந்தக் குற்றம் என்று சொல்லவும் வேண்டியதில்லை.

ஹாப்ஸ் சர்வாதிகாரத்தை ஆதரித்தவர்தானே? அவரை ஏன் உரிமைப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

கேள்வி நியாயமானது. தாமஸ் ஹாப்ஸ் உள்நாட்டுப் போருக்குப் பயந்து பாரிசில் ஒதுங்கியிருந்த காலத்தில் எழுதிய பெரிய நூல் 1651-ல் வெளிவந்தது. அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்து தன் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியிருந்தது. அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமையும் வறுமையும் அருவருப்பும் மிருகத்தனமும் நிறைந்து, சீக்கிரமே முடிந்துபோகும் என்று எழுதினார். அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரே இறையாண்மையிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் ஆரம்பித்த இடம் புதிது. மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள், அரசு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்றுதான் அவர் தொடங்குகிறார். தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொல்கிறார். வானத்திலிருந்து வந்த அதிகாரம் அவரால்தான் தரைக்கு இறங்கியது.

ஜான் லாக் அப்படி என்ன புதிதாகச் சொல்லிவிட்டார்?

அரசு வருவதற்கு முன்பே மனிதனுக்கு உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றின் மீது உரிமை இருக்கிறது. அவற்றைக் காப்பதற்காகவே அரசை வைத்துக்கொள்கிறோம் என்றார். இந்த வரிசைதான் முக்கியம். உரிமை முதலில், அரசு பிறகு. அரசு நமக்கு உரிமை ‘வழங்குகிறது’ என்று இன்றும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். லாக் அதைக் கேட்டால் திருத்தியிருப்பார். அரசு வழங்கியதாக இருந்தால் அரசே அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாமே.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. மக்கள் நம்பி ஒப்படைத்த அதிகாரம் இது. அந்த நம்பிக்கையை அரசு தொடர்ந்து மீறினால் அதிகாரம் மக்களிடமே திரும்பிவிடும். அவர்கள் வேறு அரசை அமைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மக்கள் எடுத்ததற்கெல்லாம் கலகம் செய்வார்களே என்று அன்றே கேட்டார்கள். சின்னச் சின்னத் தவறுகளை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், நீண்ட தொடராக ஒரே திசையில் அத்துமீறல் நடக்கும்போதுதான் எழுவார்கள் என்பது அவர் பதில். மக்களை அவர் சரியாகவே கவனித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவது அன்று உயிரோடு விளையாடுவது. 1683-ல் ஆல்ஜெர்னன் சிட்னி என்பவர் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. ராஜத்துரோகத்துக்கு 2 சாட்சிகள் வேண்டும், ஒருவர்தான் கிடைத்தார். சிட்னியின் மேசையில் கிடைத்த, இன்னும் அச்சாகாத கையெழுத்துப் பிரதியையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அதுவும் ஃபில்மருக்கு எழுதிய மறுப்புதான். சிட்னியின் தலை போயிற்று. அதே ஆண்டு லாக் ஹாலந்துக்குத் தப்பிப் போனார். 1688-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடிய பிறகே ஊர் திரும்பினார். 1689-ல் ‘அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ என்ற அவர் நூல் வந்தபோதும் அட்டையில் பெயர் போடவில்லை. தாம்தான் எழுதினேன் என்பதை உயிலின் பிற்சேர்க்கையில்தான் ஒப்புக்கொண்டார்.

சமூக ஒப்பந்தம் என்கிறார்களே, நான் எப்போது கையெழுத்துப் போட்டேன்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் நீங்கள் இல்லை. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1748-லேயே கேட்டுவிட்டார். நாட்டில் தொடர்ந்து வாழ்வதே மௌனச் சம்மதம் என்பது லாக் தரப்பின் விடை. ஹியூம் ஒரு கப்பலைக் காட்டினார். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, கப்பலிலேயே இருப்பதால் நீ கப்பல் தலைவனின் ஆட்சியை ஏற்றுக்கொண்டாய் என்று சொல்ல முடியுமா? வெளியேற வேண்டுமானால் கடலில் குதித்துச் சாக வேண்டியதுதான். அன்றாடக் கூலியில் வாழ்கிற, வேறு மொழியும் தெரியாத ஏழை உழவன் நாட்டை விட்டுப் போகத் தனக்கு வழி இருக்கிறது என்று நினைக்க முடியுமா என்றும் கேட்டார்.

ஹியூம் சொன்னது வரலாற்று உண்மை. எந்த அரசும் எல்லோரும் உட்கார்ந்து கையெழுத்திட்டு உருவானதில்லை. இருந்தாலும் ஒப்பந்தம் என்ற கருத்துக்கு ஒரு பயன் உண்டு. ‘இந்தச் சட்டத்துக்குச் சுதந்திரமான மனிதர்கள் சம்மதித்திருப்பார்களா?’ என்று எந்தச் சட்டத்தையும் உரசிப் பார்க்கலாம். காண்ட் அதை அப்படித்தான் பயன்படுத்தினார்.

மாண்டெஸ்கியூ அதிகாரத்தை ஏன் மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்?

அவரே பிரான்சின் போர்தோ உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1729 முதல் 1731 வரை இங்கிலாந்தில் தங்கி நாடாளுமன்ற நடப்பைப் பார்த்தவர். 1748-ல் ஜெனீவாவில் பெயர் போடாமல் வெளியிட்ட ‘சட்டங்களின் சாரம்’ என்ற பெருநூலில், அதிகாரம் கையில் உள்ள எவரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவே முனைவார், எல்லை தட்டுப்படும் வரை போய்க்கொண்டே இருப்பார் என்று எழுதினார். ஆகவே அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்தும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். நல்ல மன்னன் கிடைப்பானா என்று காத்திருக்கச் சொல்லவில்லை. கெட்டவன் வந்தாலும் தாங்கும்படி வீட்டைக் கட்டச் சொன்னார்.

சட்டம் இயற்றுகிறவரே நீதிபதியாகவும் இருந்தால் குடிமகனின் உயிரும் சுதந்திரமும் அவர் இஷ்டத்துக்கு விடப்பட்டுவிடும். நிர்வாகம் செய்கிறவரே நீதிபதியாக இருந்தால் ஒடுக்குகிறவனின் பலம் அவருக்கு வந்துவிடும். சுதந்திரத்துக்கு அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனுக்குப் பயப்பட வேண்டியிராத மன அமைதி.

இங்கிலாந்தில் அன்று அதிகாரங்கள் அவர் வரைந்த அளவுக்குச் சுத்தமாகப் பிரிந்திருக்கவில்லை. அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர் வரைந்த படத்தைத்தான் 1787-ல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்கள் கையில் வைத்திருந்தார்கள்.

‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று வால்டேர் சொன்னாரா?

இல்லை. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906-ல் வால்டேரின் மனப்பாங்கை விளக்க எழுதிய வாக்கியம் அது. வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் வால்டேர் பெயரிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளரான வால்டேரை அறிய அதைவிட நல்ல வழி ழான் கலாஸ் வழக்கு.

துலூஸ் நகரில் துணிக்கடை வைத்திருந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் கலாஸ். ஊரில் பெரும்பான்மை கத்தோலிக்கர். 1761 அக்டோபர் 13 இரவு அவருடைய மூத்த மகன் கடைக்குள் இறந்து கிடந்தான். மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அதனால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று தெருவில் யாரோ கத்தினார்கள். அந்தக் கூச்சலே வழக்காயிற்று. தற்கொலை செய்தவரின் உடலைத் தெருவில் இழுத்துப்போய் அவமானப்படுத்துவது அன்றைய சட்டம். அதற்குப் பயந்து குடும்பம் முதலில் உண்மையை மறைத்திருந்தது, அதுவும் அவர்களுக்கு எதிராகப் போயிற்று. கலாஸைச் சித்திரவதை செய்தார்கள். அவர் கடைசி வரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள்.

வால்டேருக்கு அப்போது 67 வயது. உடனே பொங்கிவிடவில்லை, முதலில் விசாரித்தார், குடும்பத்தினரை வரவழைத்துப் பேசினார், நம்பிக்கை வந்ததும் விடவே இல்லை. அமைச்சர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1763-ல் மதச் சகிப்பு பற்றி ஒரு நூலே எழுதினார். 1765 மார்ச் 9 அன்று பாரிசில் நீதிபதிகள் கலாஸ் நிரபராதி என்று அறிவித்தார்கள். செத்தவர் திரும்பவில்லை. ஆனால் ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எழுத்தாளன் பொதுமக்கள் முன் வைத்துக் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் ஊர்ப் பக்கம் ஏதாவது வருகிறதா?

வருகிறது, அதுவும் வால்டேர் வழியாகவே. வந்தவாசிப் போரில் 1760-ல் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிரெஞ்சுத் தளபதி லாலியை நினைவிருக்கும். தோல்விக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டியிருந்தது. மன்னரின் நலனைக் காட்டிக்கொடுத்தார் என்று பாரிசில் வழக்கு நடத்தி, 1766 மே மாதம் வாயில் துணி அடைத்து அழைத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். லாலி முரடர், ஆனால் துரோகி இல்லை என்று வால்டேர் ஆண்டுக்கணக்காக எழுதினார். 1778 மே மாதம் அந்தத் தீர்ப்பு ரத்தானது. மரணப் படுக்கையில் இருந்த வால்டேர் செய்தி கேட்டு, லாலியின் மகனுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். சில நாளில், மே 30 அன்று காலமானார்.

இதே லாலிதான் 1758-ல் தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போன வழியில் கீவளூர்க் கோயிலைச் சூறையாடி, அங்கிருந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுடச் செய்தவர். அவர்களுக்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை. வால்டேரின் போராட்டத்தை மதிக்கிறேன். கீவளூரில் செத்தவர்களையும் அதே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

தண்டனைகளைப் பற்றி யாராவது தனியாக எழுதினார்களா?

மிலானின் சேசரே பெக்காரியா. 26 வயதில், 1764-ல், ஒரு சின்ன நூல் எழுதினார். சித்திரவதை உடல் வலுவுள்ள குற்றவாளியைத் தப்பவிட்டு, பலவீனமான நிரபராதியைத் தண்டிக்கும் வழி என்றார். தண்டனையின் கொடூரத்தைவிட அது நிச்சயம் கிடைக்கும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும், மரண தண்டனையே வேண்டாம் என்றார். இத்தாலியின் டஸ்கனியில் 1786-ல் மரண தண்டனையைச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கினார்கள். ஒரு புத்தகம் இவ்வளவு சீக்கிரம் உயிர்களைக் காப்பாற்றியது அபூர்வம்.

ரூசோவைச் சிலர் ஜனநாயகத்தின் தந்தை என்கிறார்கள், சிலர் சர்வாதிகாரத்தின் தந்தை என்கிறார்கள். எது சரி?

இரண்டு தரப்புக்கும் அவர் நூலிலேயே ஆதாரம் இருக்கிறது. ஜெனீவாவில் கடிகாரம் செய்பவரின் மகனாக 1712-ல் பிறந்தவர். மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், ஆனால் எங்கு பார்த்தாலும் விலங்கு பூட்டப்பட்டிருக்கிறான் என்று 1762-ல் எழுதினார். மக்கள் தாங்களே ஏற்படுத்திய சட்டத்துக்குக் கீழ்ப்படியும்போது மட்டுமே அவர்கள் சுதந்திரர்கள் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயர்கள் தேர்தல் நாளில் மட்டும்தான் சுதந்திரர்கள், வாக்களித்து முடித்ததும் மறுபடி அடிமைகள் என்று அவர் சொன்னது இன்றும் சுருக்கென்று தைக்கிறது.

சிக்கல் ‘பொது விருப்பம்’ என்ற இடத்தில் வருகிறது. எல்லோருடைய தனித்தனி ஆசைகளின் கூட்டல் இல்லை அது; சமூகம் முழுவதற்கும் நன்மையானதை நாடும் விருப்பம். அதற்குக் கீழ்ப்படிய மறுப்பவனைக் கீழ்ப்படியச் செய்யலாம், அது அவனைச் சுதந்திரனாக இருக்கக் கட்டாயப்படுத்துவதுதான் என்று ஒரு வரி எழுதினார். சரி, எது பொது விருப்பம் என்று தீர்மானிப்பது யார்? அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்து, பாரிசில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரம் ஓயாமல் நடந்த நாட்களில், ரோபெஸ்பியர் போன்ற பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்கள் அது எங்களுக்குத் தெரியும் என்றார்கள். ரூசோ அதைக் கேட்டிருந்தால் நடுங்கியிருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் தனிமனிதனுக்கு லாக் போட்டுவைத்த வேலியை அவர் போடவில்லை. அது அவருடைய குறைதான்.

‘எல்லா மனிதர்களும்’ என்றார்களே, அதில் பெண்களும் அடிமைகளும் சேர்த்தியா?

பெரும்பாலும் இல்லை. அடிமைத்தனம் இழிவானது என்ற வரியோடு நூலைத் தொடங்கிய லாக், அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பணம் போட்டிருந்தார். எஜமானுக்கு அடிமை மேல் முழு அதிகாரம் தந்த கரோலினா குடியேற்றத்தின் 1669-ஆம் ஆண்டு சாசனத்தை வரைவதில் அவருக்கும் பங்கு இருந்தது. அவருடைய மதச் சகிப்பிலும் கத்தோலிக்கருக்கும் நாத்திகருக்கும் இடமில்லை. ரூசோவோ பெண்ணின் கல்வி ஆணை மகிழ்விப்பதற்கே என்றார்.

இந்தக் கோணலை அந்தக் காலத்தவர்களே பார்த்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதனால் ‘அது அந்தக் காலம்’ என்று சமாதானம் சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தார்சே 1790-ல் எழுதினார்: கர்ப்பமும் அவ்வப்போது வரும் உடல்நலக் குறைவும் காரணம் காட்டிப் பெண்களுக்கு உரிமை மறுக்கிறீர்களே, குளிர்காலம்தோறும் கீல்வாதம் வந்து படுக்கிற ஆண்களின் உரிமையைப் பறிக்க யாரும் நினைத்ததில்லையே. பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூழ் 1791-ல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டென்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்றார். 1793 நவம்பர் 3 அன்று அவரைக் கில்லட்டினில் கொன்றார்கள். ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டோன்கிராஃப்ட் 1792-ல் ரூசோவையே பெயர் சொல்லி எதிர்த்து, பகுத்தறிவு இருபாலருக்கும் ஒன்றுதான் என்றால் கல்வியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944-ல்தான் வந்தது.

அடிமைகள் புத்தகத்துக்காகக் காத்திருக்கவில்லை. கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் குடியேற்றமான சான் டொமிங்கோவில் 1791 ஆகஸ்டில் எழுந்தார்கள். 1794-ல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்ததாக அறிவித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். 1804 ஜனவரி 1 அன்று அந்த மக்கள் ஹைட்டி என்ற பெயரில் விடுதலையை அறிவித்தார்கள். பிரான்சின் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டவர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

இவை முதன்முதலில் சட்டமானது எங்கே?

1689-ல் இங்கிலாந்தின் உரிமை மசோதா, 1776 ஜூலை 4-ன் அமெரிக்க விடுதலைப் பிரகடனம், 1789 ஆகஸ்ட் 26-ன் பிரெஞ்சுப் பிரகடனம், 1791-ல் அமெரிக்க அரசமைப்பின் முதல் 10 திருத்தங்கள். பிரெஞ்சுப் பிரகடனத்தின் 17 பிரிவுகளில் 16-வதைப் பாருங்கள். உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசமைப்பு என்று ஒன்று இல்லை என்கிறது. லாக்கும் மாண்டெஸ்கியூவும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நம் அரசமைப்பு இவர்களிடமிருந்து எடுத்ததுதானா?

ஓரளவு. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்னும் 13-ஆம் பிரிவில் லாக்கின் வாசனை இருக்கிறது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் 50-ஆம் பிரிவில் மாண்டெஸ்கியூ இருக்கிறார். ஆனால் முகவுரையில் வரும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பற்றி அம்பேத்கர் 1954-ல் அகில இந்திய வானொலியில் பேசியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம் சமூகத் தத்துவம் இந்த 3 சொற்களில் அடங்கும், ஆனால் அதைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, தம் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். சகோதரத்துவம் இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது என்று அவர் அழுத்திச் சொன்னது சாதியை நேரில் பட்டவரின் அறிவு. லாக்குக்கு அது எட்டவில்லை. அரசு மட்டுமா உரிமையைப் பறிக்கிறது, பக்கத்துத் தெருவும்தானே பறிக்கிறது.

படிக்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ரூசோவின் நூலை வெ. சாமிநாத சர்மா ‘சமுதாய ஒப்பந்தம்’ என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வரும் என்றால் லாக்கின் இரண்டாவது ஆய்வுரையில் 5, 9, 19 ஆகிய அத்தியாயங்களை முதலில் படியுங்கள். உடைமை, அரசின் நோக்கம், அரசு கலைவது எல்லாம் அவற்றில் வந்துவிடும். மாண்டெஸ்கியூவில் 11-ஆம் பாகம் போதும், முழுதும் படிக்க மிகுந்த பொறுமை வேண்டும். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் வால்டேரின் சகிப்பு நூலில் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். கலாஸ் கொல்லப்பட்ட கதையை அவரே அதில் சொல்கிறார்.